சிக்கனம் யார் தட்டில் விழுகிறது?

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். இந்தத் தலைப்பை எடுத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டீக்கடையில் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு டீ, மாதத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பெருக்கலில் உடன்பாடு கிடையாது. காலையிலிருந்து வெயிலில் நின்று கொத்து வேலை பார்க்கிறவர் நாலு மணிக்குக் குடிக்கிற டீயில் கைவைத்துத்தான் ஒரு குடும்பம் நிமிர வேண்டும் என்றால், அந்தக் குடும்பத்தின் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. நான் வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து நின்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். டீ குடித்து அங்கே வந்து நின்றவர் ஒருவரும் இல்லை.

காசு கரைகிற இடங்கள் பெரும்பாலும் கண்ணில் படாத இடங்கள். பொட்டலத்தின் பின்பக்கம், மீட்டர் பெட்டி, அடகுச் சீட்டு. அங்கெல்லாம் உங்களைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன். கடைசியில் இன்னோர் இடத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. அது நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு.

முதலில் மளிகை. சமையல் எண்ணெய் முன்பெல்லாம் ஒரு லிட்டர், அரை லிட்டர் என்றுதான் பாக்கெட்டில் வரும். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் எடை ஏறக்குறைய 910 கிராம். இப்போது பார்வைக்கு அதே பருமனில் 850 கிராம், 800 கிராம் என்றெல்லாம் பாக்கெட் வருகிறது. விலை ஏழெட்டு ரூபாய் குறைவாக இருப்பதால் கை தானாக அதற்குப் போகும். 910 கிராம் பாக்கெட் 148 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரியது 16 ரூபாய் 26 காசு, சின்னது 16 ரூபாய் 47 காசு. எட்டு ரூபாய் மிச்சம் என்று நினைத்து வாங்கியதில்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பெரிதாக வாங்கினால் மலிவு என்பதும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஷாம்பூவைப் பாருங்கள். சாஷே பாக்கெட்டில் பொருளை அடைத்து ஏழை எளியவருக்கும் விற்கலாம் என்று காட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற விலையைவிட்டு ஏறினால் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிகள் அந்த விலையைக் கட்டிக் காக்கின்றன. அதனால் மில்லிலிட்டர் கணக்கில் பல ஷாம்பூக்களில் பாட்டிலைவிட சாஷேதான் மலிவாக விழுகிறது. பருப்பிலும் மிளகாயிலும் நிலைமை நேர்மாறு. கால் கிலோ கால் கிலோவாக வாங்குகிறவர்தான் அதிகம் கொடுக்கிறார். ஒரே விதியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளாமல் பொருளுக்குப் பொருள் பார்க்க வேண்டும்.

ரேஷன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கொடுத்துவருகிறார்கள். 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசே இல்லை. வெளியில் நூறு ரூபாயைத் தாண்டி விற்கிற பருப்பு அங்கே முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் வரிசையில் நின்றால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டு, மாதக் கடைசியில் நகையைத் தூக்கிக்கொண்டு என் கவுன்ட்டருக்கு வந்தவர்கள் உண்டு. அந்தப் பருப்பும் எண்ணெயும் நம் வரிப்பணத்தில் வருவது. பை எடுத்துக்கொண்டு போய் நிற்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பருப்பு சரியாக வேகவில்லை என்று சொல்வீர்கள். இரண்டு மணி நேரம் ஊற வைத்துப் பாருங்கள்.

ஊற வைப்பது என்றதும் அடுப்பு ஞாபகம் வருகிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது அதில் குறைவு. வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. காலி உருளையின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். 15.3 என்று போட்டிருந்தால், வந்து இறங்குகிற சிலிண்டர் 29.5 கிலோ நிற்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது நம் உரிமை. "தம்பி, கொஞ்சம் எடை போட்டுடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், கோபப்பட வேண்டியதில்லை. குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்துவிடுங்கள். உள்ளே வெப்பம் 120 டிகிரி அளவை எட்டிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் அந்த வெப்பம் ஏறாது, கூடுதல் நீராவிதான் விசிலடித்துக்கொண்டு வெளியே போகும். நாலு விசில், அஞ்சு விசில் என்று எண்ணுகிற பழக்கத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டால் பாதி வேலையைத் தண்ணீர் செய்துவிடுகிறது.

இனி மின்சாரம். இதில் சற்று நின்று பேச வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு படி மட்டும் மற்றவை போன்றதல்ல என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருந்துவருகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய் வரும். அடுத்த வீட்டில் 501 ஓடியிருக்கிறது. அந்த வீட்டுக்கு 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் வித்தியாசம்! 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2 ரூபாய் 35 காசு படியே கிடையாது. பின்னால் போய் அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு போட்டுவிடுவார்கள். ஆகவே 500-க்குப் பக்கத்தில் ஓடுகிற வீட்டுக்காரர் எந்த நேரமும் விளக்கை அணை, ஃபேனை அணை என்று பிள்ளைகளிடம் கத்துவதில் பயனில்லை. ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மீட்டரைத் திறந்து பார்த்து, அட்டையில் எழுதியிருக்கிற பழைய ரீடிங்கைக் கழித்தாலே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். 440 என்றால் அந்தப் பத்து நாளும் கவனமாக இருக்க வேண்டும். 300 என்றால் நிம்மதியாக இருக்கலாம். கட்டணம் இனிமேல் மாறலாம், மாறினாலும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று முன்கூட்டிப் பார்க்கிற வழக்கம் கைகொடுக்கும்.

எந்தச் சாதனம் தின்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குவதில் காட்டுகிற அக்கறையைச் சீலிங் ஃபேனில் காட்டுவதில்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது பி.எல்.டி.சி. என்று வருகிற ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. நம் ஊர் புழுக்கத்தில் ஒரு ஃபேன் நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடுவதாக வைத்தால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 38 யூனிட் குறையும். இரண்டு ஃபேன் மாற்றினால் 76 யூனிட். 550 ஓடுகிற வீடு 474-க்கு இறங்கிவிடுகிறது. 500 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாயிற்று. விலை கூடுதல்தான், அதனால் எல்லா அறைக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். ராத்திரி படுக்கிற அறைக்கு மட்டும் முதலில் மாற்றுங்கள். ஏசி இருக்கிற வீட்டில் 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, உள்ளே இருக்கிற குளிர் கசிகிறது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுக்க எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தால் மாதம் சில நூறு ரூபாய் கையில் நிற்கும். அந்தச் சில நூறையும் சேர்த்துக்கொண்டு போவது வட்டி.

தண்டல் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பூ விற்கிற அக்கா பத்தாயிரம் வாங்குகிறார். கையில் கொடுப்பது 8,500. முதலிலேயே 1,500 பிடித்தாயிற்று. நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் வருகிற பையன் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். "நாளைக்கு நூறு ரூபாதானே" என்று அக்கா நினைக்கிறார். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். சராசரியாகப் பார்த்தால் அந்த நூறு நாளும் அவர் கையில் இருந்த கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு நூறு நாள் வட்டி 1,500. வருஷக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. நூறு நாள் முடிந்ததும் மறுபடி எடுப்பார். வருஷத்துக்கு மூன்று தடவை எடுத்தால் 4,500 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அந்த அக்கா ஒருமுறை, ஒரே ஒருமுறை, 8,500 ரூபாயைச் சொந்தக் காசாகச் சேர்த்துவிட்டால் தண்டல்காரர் அந்தத் தெருப்பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் கடனில் இருக்கிறவர் எதற்காகவும் சேமிப்பதற்கு முன்னால் அதிக வட்டிக் கடனை அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் அவசரத்துக்குப் பக்கத்தில் நிற்பது தண்டல்காரர்தான். அந்த இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்த பெரிய காரியம் அதுதான். நூறு, இருநூறு என்று சேர்த்த பணத்திலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

நகைக்கடனிலும் இதே கதை. அடகுக்கடையில் "இரண்டு வட்டி" என்பார்கள். இரண்டு என்று கேட்கும்போது குறைவாகத் தெரிகிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு, வருஷத்துக்கு 24. ஐம்பதாயிரத்துக்கு 12,000 ரூபாய். வங்கியில் பத்து சதவீதம் என்றாலும் 5,000 ரூபாய்தான். ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம். பிறகும் ஏன் அடகுக்கடைக்குப் போகிறார்கள்? ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருக்கும், படிவம் நிரப்பச் சொல்ல மாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வங்கியில் இருந்த எங்களில் பலர் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். பதினோரு மாதம் கட்டினால் சேதாரம் இல்லை என்கிறார்கள். நல்ல கடையாக இருந்தால் லாபம் இருக்கத்தான் செய்கிறது. ஏன் எல்லாக் கடையிலும் பதினோரு மாதம் என்று தெரியுமா? பொருளுக்கு வாங்குகிற முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அதைப் பொதுமக்கள் வைப்புத்தொகையாகக் கொள்ள வேண்டும் என்று கம்பெனிகளுக்கான 2014-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதற்குள் முடித்துவிடுகிறார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கடையில் கட்டுகிற தவணைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு போனால் வாசலில் நிற்பதுதான் மிச்சம். சீட்டுப் போடுகிறவர்கள் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். "நம்ம ஆளுதான்" என்பது பதிவு ஆகாது.

இப்போது நான் சொன்ன கடைசி இடம்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கி மறுபடி திறந்த அன்று விடியும் முன்பே வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. முதலில் ஓர் ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றலாம் என்று இருந்தது. வரிசையில் நின்ற பெண்களை மறக்க முடியாது. முந்தானை முடிச்சிலிருந்தும் கைக்குட்டைச் சுருணையிலிருந்தும் நோட்டை எடுத்து வைப்பார்கள். எட்டாக மடித்து மடித்து மடிப்பே கிழிந்திருக்கும். பெருங்காய வாசம், மிளகாய்த்தூள் வாசம், சில நோட்டில் அரிசி மாவு. எல்லாம் சிறுவாட்டுப் பணம். "வீட்டுல தெரியாதும்மா, சத்தமா எண்ணாதீங்க" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்.

அந்தப் பணம் எங்கிருந்து சேர்ந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த மளிகைக் காசில் மிச்சம் பிடித்தது என்று பெருமையாகச் சொல்வோம். அதில் சாமர்த்தியம் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு வேறொன்றும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பொரியலும் முட்டையும் வைத்தபிறகு சட்டியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தாளே ஒருத்தி, அந்த முட்டையின் விலை அதில் இருக்கிறது. பார்வை மங்கி இரண்டு வருஷம் ஆகியும் மாற்றாத கண்ணாடி, ஆட்டோவுக்குக் கொடுக்காமல் மூட்டுவலியோடு நடந்த நடை, எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது. அதே வயது ஆண்களில் அது மிகக் குறைவு. ரத்தசோகைக்குக் காரணம் பல. கடைசியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடுவதும் அதில் ஒன்று. இதைச் சிக்கனம் என்று பாராட்டிக்கொண்டிருந்தோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருத்தியின் தட்டிலிருந்து எடுத்து உண்டியலில் போட்டால் வீட்டுச் செலவு குறையவில்லை. ஒருவர் உடம்பிலிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். அந்தக் கடனை ஆஸ்பத்திரியில் வட்டியோடு அடைக்கிறோம்.

பெண்கள் கையில் காசு நிற்கவும் சில வழிகள் வந்தன. மாநில அரசாங்கம் 2021-இல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை கணக்கில் ஏறத் தொடங்கியது. அந்தப் பணம் வந்த மாதத்திலிருந்து, அதுவரை கொடுத்துவந்த மளிகைக் காசில் ஆயிரத்தைக் குறைத்துக்கொண்ட ஆண்களை எனக்குத் தெரியும். தம்பிமார்களே, அண்ணன்மார்களே, இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டை நீங்களும் எழுதுங்கள். பெட்ரோல், போன் ரீசார்ஜ், நண்பர் வீட்டு விசேஷத்துக்கு வைத்த மொய், சிகரெட், எல்லாம் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில் வரட்டும். பத்து நாள் எழுதினாலே, குறைக்க வேண்டிய வரி எது என்று யாரும் சொல்லாமல் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் முட்டையும் பாலும் பழமும் எத்தனை பேருக்கு வாங்கினோம் என்றும் எழுதுங்கள். வீட்டில் நாலு பேர் இருந்து மூன்று முட்டை வாங்கியிருந்தால் அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கடுகு டப்பாவில் பணம் வைக்க வேண்டாம். நோட்டு செல்லாமல் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அதற்கு வட்டியும் வராது, பேரும் இருக்காது. அஞ்சலகத்தில் உங்கள் பேரிலேயே ஒரு கணக்குத் தொடங்குங்கள். மாதம் நூறு ரூபாயிலிருந்து ஐந்து வருஷத் தொடர் வைப்பு போடலாம். ஆதார் அட்டையும் புகைப்படமும் வேண்டும், பான் அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். வாரிசு பேர் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாக விட்டதால் தாயின் பணத்துக்கு மகள் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். நூலகர் கொஞ்சம் படிவங்கள் வாங்கி வைத்திருக்கிறார். எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் தயங்குகிறவர்கள், அவசரமாகக் கிளம்ப வேண்டாம். நானும் இங்கே இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளும் ஆறு மணி வரை இந்த மேசையில் இருக்கிறோம், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.